நாடு என்னும் சொல்

2023 ஜனவரியில் ஆளுநர் ஆர். என். ரவி அவர்கள் 'தமிழ்நாடு' என்பதினும் 'தமிழகம்' என்பதே பொருத்தமுடையது என்று பேசியதும், பெயரை மாற்றச் சொல்லவில்லை என்று அம்மாதம் 18-ஆம் நாள் விளக்கம் தந்ததும் வாசகர்கள் அறிந்தவை. விவாதம் ஓய்ந்தது, ஐயம் ஓயவில்லை. 'நாடு' என்ற சொல் இறைமையுடைய தனிநாட்டையே குறிக்கும் என்பது சிலர் கருத்து. அக்கருத்து பொருந்துமா என்று நாம் ஆராய்வோம்.

திருவண்ணாமலையையே சான்றாகக் கொள்வோம். தேவாரத் தலங்களை வகுத்தோர் இவ்வூரை 'நடுநாட்டில்' சேர்த்தனர். சோழர் கல்வெட்டுகளில் ஊர்கள் பல கூடியது நாடு. நாடுகள் பல கூடியது வளநாடு. அதற்கும் மேற்பட்டது மண்டலம். ஆகவே நாடு என்பது மக்கள் குடியிருந்து உழுது வாழும் நிலப்பகுதி. முடியுரிமை அச்சொல்லுக்குள் அடங்கியதன்று.

14-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தான். அண்ணாமலையார் கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அந்நூற்றாண்டில் மதுரைக்கு வந்த இப்னு பதூதா இப்பகுதியை 'மஃபர்' என்றே குறித்தார். கடந்து செல்லும் துறை என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். கடல் கடந்து வந்த வணிகர்க்கு அது பொருத்தமான பெயரே. ஆனால் இங்கேயே வாழ்ந்தோர் வழங்கிய 'தமிழ்நாடு' என்னும் பெயர் அதற்கும் முந்திய சிலப்பதிகாரத்திலேயே காணப்படுகின்றது.

அங்ஙனமாயின் பெயருக்கும் இறைமைக்கும் தொடர்பே இல்லையோ? உண்டு. பெயரிடும் உரிமை எவரிடம் உள்ளது என்பதில்தான் அத்தொடர்பைக் காண வேண்டும். 1972 மே 22-இல் சிலோன் தன் அரசியலமைப்பின் வாயிலாகவே ஸ்ரீலங்கா ஆயிற்று. பிறர் இசைவு அதற்கு வேண்டியிருக்கவில்லை. நம் மாநிலத்தின் நிலை வேறு. தியாகி சங்கரலிங்கனார் இப்பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்து உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. எனினும் அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் 1968-இல் சட்டம் இயற்றிய பின்னரே, 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அப்பிரிவு மாநிலத்தின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. இசைவைப் பெறச் சொல்லவில்லை. மேற்கு வங்கச் சட்டமன்றம் 'பங்களா' என்னும் பெயர் வேண்டி 2018-இல் நிறைவேற்றிய தீர்மானம் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

ஆகவே 'நாடு' என்ற சொல்லைக் கண்டு அஞ்சுவோர் வீணே அஞ்சுகின்றனர். மகாராஷ்டிரத்திலும் 'ராஷ்டிரம்' உண்டு. அதனால் இந்திய இறைமைக்கு ஊறு நேர்ந்ததாக எவரும் கூறுவதில்லை. இந்திய ஒன்றியத்தின் சட்டம் வழியாகவே, மக்கள் வேண்டிப் பெற்ற பெயர் தமிழ்நாடு. அதனைப் பிரிவினையின் அடையாளமாகக் காண்பது அச்சட்டத்தையே ஐயுறுவதாகும் என்பது நம் துணிபு.