வண்டி பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் ஏழாவது அத்தியாயம் முழுக்கப் பழைய வண்டி வியாபாரம்தான். 1939இல் வெளிவந்த இந்த நாவலில் ஜோட் குடும்பத்தின் கதைக்கு நடுநடுவே, எல்லோருக்கும் நடந்ததைப் பொதுவாகச் சொல்லும் அத்தியாயங்கள் வரும். அவற்றில் இது ஒன்று. நிலம் பறிபோன குடியானவர்கள், கலிஃபோர்னியா வரை ஓடினால் போதும், ஏதாவது ஒரு வண்டி கொடுங்கள் என்று வந்து நிற்கிறார்கள். வியாபாரி தன் ஆட்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறான். கியர் சத்தம் போட்டால் மரத்தூளைக் கொட்டி அடக்கு. வண்டி கைமாறுவதற்கு முன் நல்ல பேட்டரியைக் கழற்றிக்கொண்டு செத்த பேட்டரியை மாட்டு. கூடவே இன்னொரு பாடம்: புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தால் அவள் முகத்தையே கவனி. அவளுக்கு வண்டி பிடித்துவிட்டால் அவன் தலையில் கட்டிவிடலாம்.

அவ்வளவு பெரிய நாவலில், ஒரு வண்டி ஒரு பெண்ணுக்குப் பிடித்துப்போகலாம் என்ற எண்ணம் தலைகாட்டுவது, என் வாசிப்பில், இந்த ஓரிடத்தில்தான். அதுவும் ஏமாற்றுக்காரனின் வாயால். அவளுடைய ஆசை, அவன் பணப்பை திறக்கும் ஓட்டை. நாவல் அந்த வியாபாரியைக் கண்டிக்கிறது, சரி. ஆனால் அவன் சொன்னதைத் திருத்தவில்லை. அதற்குப் பிறகு வரும் எந்தப் பெண்ணும் எந்த வண்டியையும் பிடித்திருக்கிறது என்று சொல்வதில்லை.

ஜோட் குடும்பத்தின் வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய ஹட்சன் சூப்பர் சிக்ஸ் கார். 75 டாலருக்கு வாங்கி, மேற்கூரையைப் பாதியாக அறுத்து, பின்னால் பலகை அடித்து லாரியாக்கியிருக்கிறார்கள். அதற்கான பணம் குடும்பமே, தாத்தா உட்பட, பருத்திக் காட்டில் கொத்திச் சம்பாதித்தது. புறப்படுவதற்கு முன் குடும்பம் அந்த லாரியைச் சுற்றித்தான் கூடுகிறது. ஆண்கள் குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். இறந்துகிடக்கும் வீட்டை விட்டுவிட்டுக் குடும்பத்தின் அடுப்படி லாரிக்கு மாறிவிட்டது என்ற பொருள்பட ஸ்டைன்பெக் எழுதுகிறார். எனக்கு அந்த உவமை பிடிக்கும், சந்தேகமும் வரும். அடுப்படி என்றால் அங்கே யார் வேலை செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஸ்டியரிங் யாரிடம் இருக்கும் என்பதும் தெரியும். பதினாறு வயது ஆலிடம்.

ஆல் வண்டி ஓட்டும் பக்கங்கள் நாவலின் மிக அழகான பக்கங்களில் சேரும். இஞ்சினின் முனகல், கியரின் நடுக்கம், டயரின் ஓசை என்று உடம்பு முழுவதையும் காதாக்கி அந்தப் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். புது ஊருக்குப் போக பயமாக இருக்கிறதா என்று அவளிடம் கேட்கிறான். அவ்வளவு தூரம் யோசிப்பது தன்னால் ஆகாது, அடுத்த வேளை இவர்கள் எப்போது சாப்பிடக் கேட்பார்கள் என்பதுதான் தன் யோசனை என்கிற மாதிரி அவள் பதில் சொல்கிறாள். தமிழில் இதை வாசித்தால் எத்தனை பேர் கண் கலங்குவார்கள்! எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவளுக்கு முன்னால் கண்ணாடி வழியே ஒரு நாடே விரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க அவளுக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கலாம்.

நாவலின் புகழ்பெற்ற காட்சி வழியில் வருகிறது. கூட வந்த வில்சன் குடும்பத்தின் கார் கெட்டுப்போகிறது. நானும் பாதிரியும் இருந்து சரிசெய்துவிட்டு வருகிறோம், நீங்கள் முன்னால் போங்கள் என்கிறான் மகன் டாம். அம்மா ஜாக்கி கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, குடும்பம் பிரியக்கூடாது என்று எதிர்த்து நிற்கிறாள். அப்பா அடங்கிப்போகிறார். தாய்வழி அதிகாரம் என்று விமர்சகர்கள் கொண்டாடும் இடம் இது. எனக்கோ அந்தக் கம்பியின் மீதே கண். வண்டியைத் தூக்கி நிறுத்தும் கருவி அவள் கைக்கு வரும்போது வண்டியைத் தூக்க வரவில்லை, தன் ஆட்களை மிரட்ட வருகிறது. அதே நாவலில் காரைக் கழற்றிப் பூட்டும் வேலை, கையில் ரத்தம் வருவது வரை, டாமுக்கும் ஆலுக்கும் விரிவாகக் கிடைக்கிறது. அம்மாவுக்குக் கிடைப்பது பாலைவனம். லாரியின் பின்பக்கத்தில், செத்துப்போன பாட்டியின் பக்கத்தில் இரவெல்லாம் படுத்துக்கொண்டு, சோதனைச் சாவடியில் கிழவிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி, விடிந்த பிறகுதான் மற்றவர்களிடம் சொல்கிறாள். (நாவலின் கடைசிக் காட்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று, நான் விடுகிறேன்.)

நம் முற்போக்கு வாசிப்புக்கு இந்த அம்மாவை நன்றாகத் தெரியும். கார்க்கியின் 'தாய்' படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நீலவ்னாவாவது கடைசியில் துண்டுப் பிரசுரப் பெட்டியோடு ரயில் நிலையத்தில் தனியாக நிற்கிறாள். ஜோட் அம்மாவுக்கு அந்தத் தனிமைகூட இல்லை. ஸ்டைன்பெக் 66ஆம் நெடுஞ்சாலைக்குத் தாய்ச்சாலை என்று பெயர் வைத்தார். அந்தத் தாயின் மேல் எந்தத் தாயும் வண்டி ஓட்டவில்லை.

அந்தக் காலம் அப்படி, என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அந்தக் காலத்தையே பார்ப்போம். 1936 மார்ச்சில் டொரோதியா லாங் கலிஃபோர்னியாவில் தன்னந்தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். நிபோமோவில் பட்டாணி பறிப்பவர்களின் முகாம் என்ற பலகையைத் தாண்டிப் போய்விடுகிறார். 20 மைல் போன பிறகு மனம் கேட்காமல் வண்டியைத் திருப்புகிறார். 'மைக்ரன்ட் மதர்' என்று உலகம் அறிந்த படம் அப்படி வந்தது. படத்தில் இருக்கும் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் செரோக்கி இனத்தவர். அவர் குடும்பம் அங்கே நின்றதற்குக் காரணம், அவர்களுடைய ஹட்சன் காரின் டைமிங் செயின் போனது. சாப்பாட்டுக்காக டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதிவைத்தார். அப்படி விற்கவே இல்லை என்று குடும்பம் பின்னாளில் மறுத்தது. எனக்கு அந்த மறுப்பு முக்கியம். வண்டி பழுதாகி நிற்பது வேறு, டயரையே விற்றுவிட்டு நிற்பது வேறு. முதலாவதில் நாளைக்குக் கிளம்பப்போகிற ஆட்கள் இருக்கிறார்கள். படம் பிடித்த பெண் தானே ஓட்டி வந்தவள், தானே திருப்பியவள். படத்துக்குள் இருந்த பெண்ணோ என்றென்றைக்கும் அசையாதவளாகிவிட்டாள்.

ஸனோரா பாப் என்ற பெயரையும் சொல்லவேண்டும். ஓக்லஹோமாக்காரி. கலிஃபோர்னியாவில் அகதிகளாக வந்தவர்களுக்கான அரசு முகாம்களில் டாம் காலின்ஸின் கீழ் வேலை செய்து, பார்த்ததையெல்லாம் குறித்துவைத்தவர். காலின்ஸ் அந்தக் குறிப்புகளை ஸ்டைன்பெக்கிடம் பகிர்ந்துகொண்டார். பாப் எழுதிய 'ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்னோன்' நாவலை ரேண்டம் ஹவுஸ் வெளியிடுவதாக இருந்தது. 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' வெளிவந்து கொடிகட்டிப் பறக்கவே, அதே விஷயத்தில் இன்னொரு நாவலுக்கு இடமில்லை என்று கைவிட்டார்கள். அது அச்சானது 2004இல். பாப் அதற்கு அடுத்த ஆண்டு இறந்தார். ஸ்டைன்பெக்கின் நாவலுக்குத் தலைப்பைக் கொடுத்ததும், கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்ததும் அவருடைய அன்றைய மனைவி கேரல். எழுத்திலும் லாரியின் பின்பலகைதான் நமக்கு.

இதே ஸ்டைன்பெக் 1960இல் தனக்கென்று ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். புது ஜிஎம்சி, பின்னால் வீடு மாதிரி ஒரு கூண்டு, பெயர் ரோசினாந்தே. நாயை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவைத் தேடிக் கிளம்பி, 1962இல் 'டிராவல்ஸ் வித் சார்லி' எழுதினார். அந்த வண்டி இன்று அவர் பிறந்த சலினாஸ் ஊரில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குறை சொல்ல முடியாத மகிழ்ச்சியான வண்டி. வாங்குவதற்கு அவர் யாரிடமும் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நான் சொல்லவேண்டியிருந்தது. 2001இல் சார்பு விசாவில் ஒஹையோவுக்கு வந்தவள் நான். அந்த விசாவில் வந்த மனைவிமார் வேலைக்குப் போகக்கூடாது. 2015இல்தான் அதில் ஒரு பகுதியினருக்கு அனுமதி கிடைத்தது. பஸ் அரிதான புறநகரில், வேலையும் வண்டியும் இல்லாமல் இருப்பது எப்படி என்று அங்கே வாழ்ந்த தமிழ்ப் பெண்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிறகு ஓட்டக் கற்றேன், வேலைக்கும் போனேன். வீட்டில் நான்கு கார்கள் வந்து போயின. ஒன்றின் உரிமைப் பத்திரத்திலும் என் பெயர் இல்லை. மணவிலக்கு முடிந்து, நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கியில் வேலை கிடைத்தபோது, சுமார் 1,450 மைல் தூரத்துக்கு வீட்டை எடுத்துப்போக ஒரு பழைய பிக்கப் வாங்க முடிவு செய்தேன்.

"லாரி வாடகைக்கு எடுத்தா சீப்பா முடியுமேக்கா?" என்றாள் தோழி. முடியும்தான். வாடகை, பெட்ரோல், காப்பீடு என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். கணக்கு என் பக்கம் சாயவில்லை. எனக்கு வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் எந்த வரிசையில் எழுதுவது?

பழைய வண்டிக் கடைக்குத் தோழியின் மகன் துணைக்கு வந்தான். இருபத்திரண்டு வயது, கிளட்ச் எந்தக் கால் என்றுகூடத் தெரியாத பிள்ளை. விற்பனையாளர் ஒரு மணி நேரமும் அவனிடமே பேசினார். இழுவைத் திறன் பற்றி அவனுக்கு விளக்கினார். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துச் சேசிஸில் துரு பார்த்துக்கொண்டிருந்தது நான். பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு ஒஹையோ வண்டிகளை அடியிலிருந்துதான் அரிக்கும். நுனியைச் சுத்தியலால் தட்டினால் உதிர்ந்தது. வந்துவிட்டேன். 1939இன் வியாபாரியாவது பெண்ணின் முகத்தைப் பார்த்தான் என்று திரும்பும் வழியில் சிரித்துக்கொண்டேன்.

கடைசியில் வாங்கியது ஒரு தோட்டக்காரப் பெண்மணியிடம். 2008 ஃபோர்ட் ரேஞ்சர், கியர் வண்டி, 5,200 டாலர். மூன்றாவது கியரை அவசரப்படுத்தாதே, தானாக விழும் என்று சொல்லிக் கொடுத்தார். கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டி, ஆளும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை தாங்கும் என்று வாசிக்கவைத்தார். ரெண்டு டயர் மாற்றினேன், கூலன்ட் மாற்றினேன், ஸ்டெப்னியை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். புறப்பட இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அந்த வண்டியை நான் எதற்கும் பயன்படுத்தினேன் என்று சொல்ல முடியாது. சும்மா ஓட்டினேன். உயரமான சீட்டில் உட்கார்ந்து இளையராஜாவைப் போட்டுக்கொண்டு சோளக்காடுகளுக்கு நடுவே போவேன். சாயங்காலம் பின்பலகையில் ஜமக்காளம் விரித்துப் படுத்துக்கிடப்பேன். எங்கள் ஊரில் வீடு மாறும்போது முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் அப்பா, பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு அம்மா. பின்பலகையில் ஒரு பெண் எதையும் பிடித்துக்கொள்ளாமல் படுத்திருக்கலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

இந்தச் சும்மாவுக்குத்தான் இலக்கியத்தில் இடமில்லை. பெண்ணுக்கு வண்டி ஒன்று சுமை, இல்லாவிட்டால் தப்பித்தல். தப்பித்தல் என்றால் 'தெல்மா அண்ட் லூயிஸ்' மாதிரி பள்ளத்தாக்கில் போய் முடியவேண்டும். பார்பரா கிங்ஸால்வரின் 'தி பீன் ட்ரீஸ்' (1988) கொஞ்சம் பரவாயில்லை. கென்டகியிலிருந்து ஒரு பெண் 1955ஆம் வருடத்து ஓட்டை வோக்ஸ்வாகனில், தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்துகொண்டு மேற்கே போகிறாள். போவதற்கு முன் அவள் தாய் டயரின் காற்றை இறக்கிவிட்டு, நீயே சரிசெய் பார்க்கலாம் என்கிறாள். அரிசோனாவின் டூஸானில் பழைய டயர்க் கடை நடத்துபவளும் ஒரு பெண். (செரோக்கிக் குழந்தையை அவள் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வதில் உள்ள அநியாயத்தை கிங்ஸால்வரே 1993இல் எழுதிய அடுத்த நாவலில் எடுத்துப் பேசவேண்டி வந்தது.) கருவி பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போகும் கதை, ஜாக்கி கம்பியை ஆயுதமாக மட்டுமே அறிந்த கதையை விட எனக்கு நெருக்கம். ஆனாலும் அந்த வோக்ஸ்வாகனும் பெரும்பாலும் நகைச்சுவைக்குத்தான் ஓடுகிறது. ஆல் கேட்ட இஞ்சின் ஓசையை அவள் கேட்பதில்லை.

புறப்படும் இரவில் ஜோட் அம்மா தன் பழைய கடிதங்களும் படங்களும் வைத்திருந்த பெட்டியைத் திறந்து, ஒன்றிரண்டு நகையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுப்பில் போடுகிறாள். லாரியில் பதின்மூன்று பேர். கடிதத்துக்கு இடமில்லை என்பதை நம்பலாம். ரேஞ்சரில் ஒரே ஆள். கிரைண்டர், தையல் மெஷின், ஏழு பெட்டி புத்தகம், ஒரு கருவேப்பிலைத் தொட்டி, மேலே தார்ப்பாய். ஓக்லஹோமா சிட்டியில் 40ஆம் நெடுஞ்சாலை பிடித்தேன். ஜோட் குடும்பமும் அந்த ஊரில்தான் 66ஐப் பிடித்தது. தார்ப்பாய் காற்றில் படபடத்ததால் நான்கு தடவை நிறுத்திக் கயிறு கட்டினேன். கருவேப்பிலை வழியிலேயே போய்விட்டது. போன மாதம் கிளட்ச் மாற்றினேன், 900 டாலர் ஆனது. மூன்றாவது கியர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.