ஹோஸ்ட்நேமை நம்பும் சூடோ

ஏற்காட்டிலோ தலைச்சோலையிலோ இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரைச் சேலத்தில் உட்கார்ந்தபடியே அப்கிரேட் செய்துவிடலாம். ரீபூட் ஆனபின், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவில் போடும் முதல் கட்டளைக்கு 'இந்த ஹோஸ்டில் உங்களுக்கு அனுமதி இல்லை' என்று பதில் வந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போக வேண்டியதுதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு அந்த மலைப்பாதையில் மண் சரிந்ததே, அதுபோன்ற நாளில் அதற்கும் வழியில்லை. ஆள் அதே ஆள், கடவுச்சொல்லும் சரி. மாறியது கணினியின் பெயர் மட்டும்.

சூடோவின் அனுமதிகள் இருக்கும் சூடோயர்ஸ் கோப்பின் ஒவ்வொரு விதியும் யார், எந்தக் கணினியில், எந்தக் கட்டளையை இயக்கலாம் என்று சொல்கிறது. ஒரே கோப்பை நூறு கணினிகளுக்கு அனுப்பினாலும், ஒவ்வொன்றும் தன் பெயருக்குரிய விதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆய்வகக் கணினிகளில் ஆசிரியருக்கு அனுமதி உண்டு, மதிப்பெண் பதிவாகும் சர்வரில் கிடையாது என்பதை ஓரிடத்தில் எழுதிவிட முடிவது பெரிய வசதி. நிறைய கணினிகளைக் கட்டி மேய்ப்பவர்கள் இதை எளிதில் விட மாட்டார்கள்.

ஆனால் ஹோஸ்ட்நேம் எனும் இந்தக் கணினிப் பெயர் உறுதியான அடையாளமல்ல. கிளவுட் சர்வர்களில் கிளவுட்-இனிட் என்ற கருவி அதை மாற்றி எழுதிவிடலாம். நகலெடுத்த டிஸ்க் பழைய பெயரோடு வரும். முழுப் பெயரைக் கேட்கும்படி சூடோவை அமைத்திருந்தால் டிஎன்எஸ்ஸும் ஒத்துழைக்க வேண்டும். 'ஹோஸ்டின் முகவரி தெரியவில்லை' என்ற எச்சரிக்கை வேறு விஷயம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 வரி விடுபட்டால் வருவது அது. இன்றைய சூடோ சற்றுத் தாமதித்தாலும் வேலையைச் செய்துவிடும். வாசலை மூடுவது விதியில் எழுதிய பெயர்தான்.

பாதுகாப்பிலும் இந்த வசதி நம்பியபடி நிற்கவில்லை. வேறு ஹோஸ்டுக்கு எழுதிய விதியை இந்தக் கணினியிலேயே பயன்படுத்த இடம் தந்த பிழை 2025 ஜூனில்தான் வெளியானது. அது சுமார் 12 ஆண்டுகள் சூடோவுக்குள் கிடந்திருக்கிறது. ஹோஸ்ட் வாரியாக விதி எழுதுபவர்கள் குறைவு என்பதும் அத்தனை காலம் கண்ணில் படாததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தனிக் கணினியில் ஹோஸ்ட் பெயருக்குரிய இடத்தில் 'ஆல்' என்று எழுதுவதே சரி என்பேன்.

சிக்கலை இரட்டிப்பாக்குவது ரூட் பூட்டு. 2004 அக்டோபரில் வந்த முதல் பதிப்பிலிருந்தே உபுண்டு லினக்ஸில், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் கிடையாது. இதனால் பலர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்வது நின்றது, யார் என்ன செய்தார் என்பது பதிவானது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் இது நல்லது. இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சூடோ போனால் 'எஸ்யூ' போட்டு நுழையும் பழைய வழியும் இல்லை. சூடோ குழுவில் இருப்பவருக்கு பிகேஎக்செக் என்ற கட்டளை கைகொடுக்கலாம், அது சூடோயர்ஸைப் பார்ப்பதில்லை. அதுவும் இல்லாவிட்டால் கணினி முன் அமர்ந்து, கிரப் மெனுவில் ரெகவரி மோட் வழியாகச் சரிசெய்ய வேண்டும். கீபோர்டைத் தொடக்கூடிய யாருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்பதும் கவலைதான்.

எஸ்எஸ்எச் வழியாக அப்கிரேட் செய்தால், இணைப்பு அறுந்துவிடுமோ என்று உபுண்டு 1022 போர்ட்டில் இன்னொரு வாசலைத் திறந்து வைக்கிறது. நல்ல முன்யோசனை. அந்த வாசலில் நுழைபவருக்கு அதிகாரம் மிஞ்சியிருக்கிறதா என்பதையும் அது பார்த்திருக்க வேண்டும். அப்கிரேட் ஓடும் ரூட் அமர்வு ரீபூட் வரை உயிரோடு இருக்கும். ஆனால் அப்போது சூடோவைச் சோதித்தால் மட்டும் போதாது, ஏனெனில் புதிய பெயர் ரீபூட்டுக்குப் பிறகே நடைமுறைக்கு வரலாம். ஹோஸ்ட்நேம் கோப்பில் உள்ள பெயரும் விதியில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று அந்த அமர்விலேயே ஒப்பிட்டுவிட வேண்டும்.