ஒரே தராசில் எல்லாக் கலையுமா?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்கால ஏலத்தைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். வஞ்சிரத்தின் பருமன் இல்லையென்று நெத்திலியை அங்கே யாரும் பழிப்பதில்லை. ஒவ்வொரு மீனுக்கும் அதனதன் மதிப்பு உண்டு. ஆயினும் கெடாத மீனா என்ற கேள்வி எல்லா மீனுக்கும் பொது. கலையை மதிப்பிடும்போது மட்டும் இந்த எளிய அறிவை நாம் மறந்துவிடுகிறோம்.

வடசென்னைப் பங்கு ஒன்றின் இளையோர் கலைவிழாவில் ஒருமுறை நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். திருப்பாடுகளின் நாடகம் ஒன்றும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவைப் பற்றிய நகைச்சுவை நாடகம் ஒன்றும் மேடையேறின. முன்னதில் வசனங்கள் மனப்பாடமாக ஒலித்தன; பின்னதில் ஒரு சொல்லும் வீணாகவில்லை. எனினும் ‘கருப்பொருளின் உயர்வு’ என்று காரணம் எழுதி முன்னதற்கே முதற்பரிசு அளித்தோம். “சிரிக்க வைக்கிறது சுலபம்னு நெனச்சிட்டீங்களா ஃபாதர்?” என்றான் தோற்ற அணியின் இளைஞன். நம்மிடம் மறுமொழி இல்லை. மறு ஆண்டு அவர்கள் மேடைக்கு வரவில்லை.

திருச்சபை இவ்வாறு ஒரே அளவுகோலைக் கைக்கொள்ளவில்லை. திரைப்படங்களை ஆராய்ந்து தரம் பிரித்து மக்களுக்கு அறிவிக்கும் அலுவலகங்கள் நாடுதோறும் வேண்டும் என 1936-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் கேட்டுக்கொண்டார். திரைக்கலையின் நூற்றாண்டான 1995-இல் சிறந்த 45 படங்களை வத்திக்கான் பட்டியலிட்டபோது, சமயம், விழுமியம், கலை என்ற 3 பிரிவுகளில் பிரிவுக்கு 15 படங்களாக வகுத்தது. இறைநம்பிக்கை அற்றவரான பசோலினி எடுத்த மத்தேயு நற்செய்திப் படம் சமயப் பிரிவில் இடம்பெற்றது. சிறுவர் கற்பனைக் கதையான ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ கலைப் பிரிவில் அமர்ந்தது. கப்பல்துறைத் தொழிலாளரையும் அவர்களுக்காக வாதாடும் குருவையும் காட்டும் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ (1954) விழுமியப் பிரிவில் சேர்ந்தது.

இந்தக் கடைசிப் படத்தைப் பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’யோடு (2021) வைத்து நோக்குவது துறைமுகப் பகுதியினரான நமக்குப் பயன் தரும். இரஞ்சித்தின் கபிலன் குத்துச்சண்டை வீரனாகும் துறைமுகக் கூலி. எலியா கசானின் டெரி துறைமுகக் கூலியாகிவிட்ட குத்துச்சண்டை வீரன். கதைமாந்தர் ஒத்திருப்பினும் படங்களின் வகை வேறு. ‘சார்பட்டா’ விளையாட்டுப் படம். களத்தின் விறுவிறுப்பையே அது நமக்கு வாக்களிக்கிறது. டான்சிங் ரோஸோடு கபிலன் மோதும் காட்சியில், எதிராளியின் ஆட்டத்தையும் நாம் வியக்கிறோமே, அங்கே அந்த வாக்கு நிறைவேறுகிறது. கபிலன் குடியில் வீழும் பிற்பகுதியில் ஓட்டம் தளர்வது அதே அளவுகோலின்படி குறைதான். கசானின் படமோ மனச்சான்றின் நாடகம். சாட்சி சொல்வதா, வாய்மூடி இருப்பதா என்பதே அங்கே போராட்டம். இதில் சண்டை போதாதென்றும் அதில் மறையுரை இல்லையென்றும் குறைகூறுவது நீதியன்று. எதை வாக்களித்தது, அதை எவ்வளவு நிறைவேற்றியது என்பதே முதற்கேள்வி.

அப்படியாயின் அந்தந்த வகைக்குள் எதுவும் தகுமா? தகாது. கடவுளின் சாயலான மனிதரை உண்மையோடு காட்டியதா என்ற இரண்டாம் கேள்விக்கு எல்லா வகையும் விடை சொல்லியாக வேண்டும். ‘நகைச்சுவைதானே’ என்று கறுத்த நிறத்தையும் உடற்குறையையும் ஏளனம் செய்வது கெட்ட மீன்தான். மாந்தரை உயிரற்ற பொம்மைகளாக்கும் பக்திப் படமும் அவ்வாறே. வடசென்னையைக் காட்ட அரிவாள் ஒன்றே போதும் என்று எண்ணும் படங்களும் இதற்குத் தப்ப முடியாது. நம் மக்களின் பயிற்சியையும் தன்மானத்தையும் காட்டியதால் ‘சார்பட்டா’ இங்கே தேறுகிறது.

தாலந்து உவமையில் ஐந்து பெற்றவனும் இரண்டு பெற்றவனும் தலைவனிடம் ஒரே பாராட்டைப் பெற்றார்கள். அவனவன் பெற்றதைக் கொண்டே கணக்குப் பார்க்கப்பட்டது. இவ்வாண்டுக் கலைவிழாவின் மதிப்பெண் தாளில் ‘கருப்பொருளின் உயர்வு’ என்ற கட்டத்தை நீக்கி, மேற்சொன்ன இரு கேள்விகளையும் எழுதியிருக்கிறோம். அந்த இளைஞர்களையும் வீடு தேடிச் சென்று அழைத்திருக்கிறோம். வருவார்கள் என்று நம்புகிறோம்.