புறப்பட்டோரும் எதிர்கொண்டோரும்: இரும்பைச் செம்மேட்டில் ஒரு ஹிஜ்ரத் வாசிப்பு

இடப்பெயர்ச்சியைப் பற்றிய எழுத்துகளில் ஒரு பொதுக் குறைபாடு உண்டு. அவை புறப்படுகிறவரின் மனத்தை ஆராய்கின்றன. புறப்பாட்டின் விலையைச் செலுத்தியவர் எவர் என்று கணக்கெடுப்பதில்லை. வறுமை, வேலை, போர், அச்சம், கல்வி, இலட்சியம் எனக் காரணங்களை அடுக்கிவிட்டால் விடை கிடைத்துவிட்டதாக நாமும் நிறைவடைந்துவிடுகிறோம். ஆனால் பெருநகரைவிட்டோ தாய்நாட்டைவிட்டோ வெளியேறுவது ஒரு குடும்பமாக இருக்கும்போது, முடிவெடுப்பவர் ஒருவராகவும் அம்முடிவுக்குள் வாழ நேர்கிறவர்கள் வேறு சிலராகவும் இருக்கிறார்கள். 'ஏன் சென்றார்கள்?' என்ற வினாவோடு 'யாருக்காக, யார் செலவில் சென்றார்கள்?' என்ற வினாவும் சேர்ந்தால்தான் ஆய்வு முழுமையடையும்.

ஆகாஷ் கபூர் 2021இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'பெட்டர் டு ஹேவ் கான்' என்னும் நூல் இந்த இரண்டாம் வினாவைக் கேட்கத் துணிந்த அரிய நூல்களுள் ஒன்று. விழுப்புரம் மாவட்டத்துச் செம்மண் மேட்டில் உருவான ஆரோவில்லுக்கு மேலைநாட்டுப் பெருநகரங்களைத் துறந்து வந்தவர்களின் கதை அது. ஹிஜ்ரத்தைத் தன் ஆண்டுக் கணக்கின் தொடக்கமாகவே கொண்ட ஒரு சமுதாயம் இந்நூலைக் கவனத்துடன் படிக்க வேண்டும். அதன் நேர்மையிலிருந்து நாம் கற்க வேண்டியதும் உண்டு. அது நிரப்பாமல் விட்ட இடத்தை நம் மரபின் துணைகொண்டு சுட்ட வேண்டியதும் உண்டு.

செம்மேடும் அதன் வருகையாளர்களும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, வானூர் வட்டத்தில் உள்ளது இரும்பை. ஏரியும் தேவாரப் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயிலும் அவ்வூரின் அடையாளங்கள். அதை அடுத்த மேட்டு நிலத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. பாரிசில் பிறந்து புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் தலைவியாகத் திகழ்ந்த மிர்ரா அல்பாஸா அதன் நிறுவனர். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே அதன் நகர அமைப்பாளர். 50,000 பேருக்கென வரையப்பட்ட அந்நகரில் அரை நூற்றாண்டு கடந்த பின்னும் வாழ்வோர் ஏறத்தாழ 3,300 பேரே. அவர்கள் ஏறக்குறைய 60 நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

வந்தவர்கள் பசியால் வந்தவர்கள் அல்லர். பாரிசின் மாணவர் கிளர்ச்சியும் வியட்நாம் போருக்கு எதிரான கொதிப்பும் எழுந்த காலம் அது. நுகர்வே வாழ்வாகிவிட்ட நகரங்களில் மூச்சுத் திணறியவர்கள், சொத்தும் சமயமும் பிரிக்காத ஒரு வாழ்வைத் தேடினார்கள். பாரிசிலிருந்து வாகனத் தொடராகத் தரைவழியே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. மரமற்று, மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த மேட்டில் கீற்றுக் குடிசை கட்டினார்கள். வரப்பெடுத்து நீரைத் தேக்கினார்கள். இலட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். இன்று அங்கே நிற்கும் காடு அவ்வுழைப்பின் சான்று. அதை மறுப்பது நன்றியன்று.

கபூரின் நூல் அக்காட்டின் நிழலில் புதையுண்ட இருவரைப் பற்றியது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநராக இருந்தவரின் மகன் ஜான் வாக்கர். பெல்ஜியத்திலிருந்து வந்த இளம்பெண் டயான் மேஸ். மாத்ரிமந்திரின் கட்டுமானத்தில் உழைத்த டயான் 1976இல் அதன் உயரத்திலிருந்து விழுந்து நடமாட்டம் இழந்தார். நம்பிக்கையே உடலைக் குணப்படுத்தும் என்று எண்ணி மருத்துவத்தை ஒதுக்கினார். பின்னாளில் நோயுற்ற ஜானும் அவ்வழியையே பின்பற்றினார். 1986 அக்டோபரில் ஒரே நாளில் இருவரும் மறைந்தனர். டயானின் மகள் அப்போது சிறுமி. அவள் நியூயார்க்கில் ஜானின் சகோதரியிடம் வளர்க்கப்பட்டாள். அவளே பின்னர் ஆகாஷ் கபூரின் மனைவியானார். ஆரோவில்லில் வளர்ந்த அவ்விருவரும் 2004இல் அங்கேயே திரும்பினர்.

பிள்ளைகளின் நூல்

இந்நூலின் வலிமை இங்கேதான் இருக்கிறது. இது இலட்சியவாதிகளின் பிள்ளைகள் எழுதிய நூல். 1973இல் நிறுவனர் மறைந்தபின், அரவிந்தர் சொசைட்டிக்கும் ஆரோவில்லாருக்கும் இடையே நிர்வாக உரிமை பற்றிய கடும் பிணக்கு மூண்டது. 1980இல் மத்திய அரசு சிறப்புச் சட்டம் இயற்றித் தலையிட்டது; 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அப்பிணக்கின் உச்சத்தில், பழைய உலகின் எச்சம் என்று கருதப்பட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. பெற்றோர் தேர்ந்துகொண்ட விடுதலை, பிள்ளைகளுக்குக் கல்வியின்மையாக வந்து சேர்ந்தது. கபூர் இதனைப் பழிதீர்க்கும் தொனியில் எழுதவில்லை. பெற்றோரின் கனவை எள்ளவும் இல்லை. கனவு மெய்யானது, அதன் கொடுமையும் மெய்யானது என்ற இரண்டையும் ஒருசேரப் பிடித்து நிறுத்துகிறார்.

சமயம் கடந்த வாழ்வைத் தேடி வந்தவர்களிடம் ஒரு குருவின் சொல் மருத்துவரின் சொல்லைவிட மேலோங்கியதை நாம் சுட்டிக்காட்டிவிட்டு, நம் பக்கம் குறையே இல்லாததுபோல் நகர்ந்துவிட இயலாது. 1920ஆம் ஆண்டின் ஹிஜ்ரத் இயக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கிலாபத் கொந்தளிப்பின் நடுவே, ஆங்கிலேயர் ஆளும் நிலத்தைவிட்டு வெளியேறுவது கடமை என்ற அறைகூவல் எழுந்தது. சிந்திலும் எல்லைப்புற மாகாணத்திலும் பல்லாயிரம் குடும்பங்கள் நிலத்தையும் கால்நடையையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஆப்கானிஸ்தானை நோக்கி நடந்தன. வரவேற்பதாகச் சொன்ன அமீர் அமானுல்லாஹ்வின் அரசு, பெருந்திரளைத் தாங்க இயலாமல் அவ்வாண்டு ஆகஸ்டில் வருகையை நிறுத்தியது. திரும்பும் வழியில் மாண்டோர் பலர். ஊர் சேர்ந்தோருக்கு நிலம் இல்லை. அறைகூவல் விடுத்தவர்களின் பெயர்களை வரலாறு அறியும். கைபர் வழியில் இறந்த பெண்களும் குழந்தைகளும் பெயரின்றிப் போனார்கள். அவர்களின் பிள்ளைகளிடமிருந்து கபூரின் நூலைப் போன்ற ஒன்று நமக்கு வாய்க்கவில்லை.

ஆனால் மூல மரபு இப்படி மௌனமாக இருந்ததில்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை எனத் தொடங்கும் புகழ்பெற்ற நபிமொழி, ஹிஜ்ரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, இறைவனுக்காகச் செல்பவரையும் உலகப் பயனுக்கோ மணத்துக்கோ செல்பவரையும் வேறுபடுத்துகிறது. புறப்பாடு என்ற செயல் தன்னளவில் புனிதமானதன்று. நிய்யத்தே அதை எடைபோடும் அளவுகோல். அன்னிஸா அத்தியாயத்தின் 97ஆம் வசனம், இறைவனின் பூமி விசாலமாக இருந்தும் கொடுமைக்குள் தங்கிவிட்டோரிடம் வானவர்கள் வினவுவதைச் சொல்கிறது. அதற்கு அடுத்த வசனமே, வழியும் வகையும் அற்ற ஆண்களுக்கும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் விலக்களிக்கிறது. புறப்பட இயலாதவர்களை நினைவில் கொள்ளாமல் புறப்பாட்டைப் பற்றிப் பேசலாகாது என்பதை அவ்வசனங்களின் வரிசையே உணர்த்துகிறது.

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறு இதற்குச் சான்று. கணவர் அபூஸலமா (ரலி) மதீனாவுக்குப் புறப்பட்டபோது, மனைவியை அவருடைய குலத்தார் தடுத்து நிறுத்தினர். குழந்தையைக் கணவரின் குலத்தார் பறித்துச் சென்றனர். ஏறக்குறைய ஓராண்டு அந்த அம்மையார் நாள்தோறும் வெட்டவெளியில் அமர்ந்து அழுதார். இறுதியில் இரக்கம் பிறந்து, குழந்தை அவரிடம் சேர்ந்தது. மதீனா வரை அவருக்குத் துணைசென்ற உஸ்மான் இப்னு தல்ஹா அந்நாளில் இஸ்லாத்தை ஏற்றிராதவர். ஒரு குடும்பம் பிளவுண்ட வேதனையை நம் வரலாற்றாசிரியர்கள் வெற்றிக் கதையின் அடியில் மறைத்துவிடவில்லை. அந்த அம்மையாரின் வாய்மொழியாகவே பாதுகாத்தார்கள். கபூரின் நூலில் நாம் பாராட்டும் பண்பு இதுவே.

எதிர்கொண்டவர்கள் எங்கே?

நூலின் குறையும் இம்மரபின் ஒளியில்தான் புலப்படுகிறது. ஹிஜ்ரத்தின் வரலாற்றில் முஹாஜிர்கள் தனித்து நிற்பதில்லை. அன்சாரிகள் உடன் நிற்கிறார்கள். அல்ஹஷ்ர் அத்தியாயத்தில் முஹாஜிர்களைப் பற்றிய வசனத்துக்கு அடுத்ததாகவே, தம்மிடம் வந்தோரை நேசித்து, தமக்குத் தேவையிருந்தும் அவர்களை முற்படுத்தியோரின் புகழ் வருகிறது. இரும்பை, குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி ஆகிய ஊர்களின் மக்கள் கபூரின் கதையில் வருகிறார்கள். எனினும் அதன் மையம் அவர்கள் அல்லர். மேட்டு நிலத்தை விற்றவர், அதே நிலத்தில் கூலிக்கு மரம் நட்டவர், வெள்ளைக்காரக் குழந்தையை இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் ஆகியோர் அரை நூற்றாண்டை எப்படிக் கண்டனர் என்பது இன்னும் எழுதப்படாத நூல்.

ஆரோவில் வட்டாரத்தில் பரவலாக வழங்கும் கடுவெளிச் சித்தர் கதையை இவ்விடத்தில் விமரிசன நோக்கில் காண வேண்டும். தவத்தில் இருந்த சித்தரை மன்னன் ஒரு நடனப் பெண்ணைக்கொண்டு அழைத்து வரச் செய்கிறான். கோயிலில் அவள் ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து அணிவிக்க, ஊரார் நகைக்கிறார்கள். அவர் சினத்தில் இலிங்கம் பிளக்கிறது, நிலம் பாலையாகிறது. தொலைநாட்டார் வந்து அதை மீண்டும் பசுமையாக்குவர் என்பது கதையின் முடிவு. இரும்பைக் கோயிலில் பிளவுண்ட இலிங்கம் இன்றும் செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது.

கதை அழகியது. ஆனால் அது யாருக்குப் பயன்படுகிறது? நிலம் வறண்டதற்கு ஊராரின் பாவமே காரணம், அது செழித்ததற்கு வந்தவர்களே காரணம் என்ற தீர்ப்பை அது சுமந்து நிற்கிறது. மேடு வறண்டதன் மெய்க்காரணம் காடழிப்பும் மண்ணரிப்பும். பசுமை மீண்டதில் உள்ளூர்க் கைகளின் உழைப்பு பெரும்பங்கு. வருவோரின் வருகைக்கு முன்கூட்டியே வானத்தின் ஒப்புதலை வழங்கும் கதைகள் உலகெங்கும் உண்டு. அவற்றை நம்புவதற்கு முன், எதிர்கொண்டவர்கள் அதே கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பது விமரிசனத்தின் கடமை.

மதீனாவின் முன்மாதிரியில் நிலம் பற்றிய செய்தி குறிப்பிடத்தக்கது. தம் பேரீச்சந்தோப்புகளைப் பங்கிட்டுத் தர அன்சாரிகள் முன்வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. வந்தவர்கள் உழைப்பில் சேர்ந்து விளைச்சலில் பங்கு பெறுவது என்ற ஏற்பாடே அமைந்தது. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அளிக்க வந்தபோது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதற்காக அவரை வாழ்த்திவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டார். பயன்பாட்டுக்கெனப் பெற்ற மரங்களைக் கூடக் கைபர் வெற்றிக்குப்பின் முஹாஜிர்கள் திருப்பித் தந்தார்கள். செம்மேட்டில் நிகழ்ந்தது நேர்மாறு. நிலம் விலைக்கு வாங்கப்பட்டது, நிலத்துக்குரியவர் கூலியானார். பள்ளிகளும் வேலைகளும் ஊர்களுக்குக் கிட்டின என்பதும், உள்ளூர்த் தமிழர் சிலர் ஆரோவில்லாராகவே ஆயினர் என்பதும் உண்மை. ஆயினும் விருந்தினரும் வீட்டாரும் இடம் மாறிய அந்த மாற்றம் எழுத்தில் எடைபோடப்படவில்லை.

கோட்டக்குப்பத்துக் கணக்கு

அதே மேட்டிலிருந்து சில கிலோமீட்டர் தென்கிழக்கே இறங்கினால் கடலோரத்தில் கோட்டக்குப்பம். முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் அவ்வூரிலிருந்தும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்தும் நம்மவர்கள் பிரெஞ்சு இந்தோசீனாவுக்குச் சென்று வணிகம் செய்தனர். சைகோன் நகரின் நடுவில் 1935இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்களின் நினைவுச்சின்னம். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் வழியாகவும் மண உறவுகள் வழியாகவும் பிரான்சுக்கான பாதை அகலமானது. வளைகுடாப் பாதை பின்னர் சேர்ந்தது. பாரிசைத் துறந்த குடும்பங்கள் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேட்டின் அடிவாரத்துக் குடும்பங்கள் பாரிசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஒருவருக்குத் துறக்கத்தக்கதாகத் தோன்றிய நகரம் மற்றவருக்குப் பிழைப்பின் வாசலாகத் தோன்றியது.

இரு திசைகளையும் ஒரே தராசில் வைக்கலாகாது. முன்னவருக்குத் திரும்பிச் செல்லக் குடும்பச் செல்வமும் கடவுச்சீட்டும் இருந்தன. பின்னவருக்குத் திரும்புதல் பெரும்பாலும் தோல்வி எனப்பட்டது. ஆயினும் விலை செலுத்தியவர்களைப் பொறுத்தவரை ஒப்புமை உண்டு. நம் ஊர்களில் 'சபுராளி' என்ற சொல்லுக்குள் ஒரு மனிதரின் பயணம் மட்டுமே தெரிகிறது. அவர் வீட்டில் கழிந்த ஆண்டுகள் அச்சொல்லுக்குள் இல்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தபோது எழுந்த சங்கடத்துக்கு ஒரு காரணம், ஆண்கள் பிழைப்புக்காக வெளியேறிய ஊரில் எஞ்சியிருந்த பெண்களின் உலகத்தை அது திறந்து காட்டியதே. அந்நாவலின் பார்வைகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. அது எழுப்பிய கணக்கை மறுக்க இயலாது.

ஆகவே கபூரின் நூலை நாம் இரு பயன் கருதிப் படிக்கலாம். முதலாவது, அது காட்டும் துணிவு: பெற்றோரின் தியாகத்தை மதித்துக்கொண்டே அதன் விலையைப் பிள்ளைகள் கேட்கலாம். இரண்டாவது, அது விட்டுச்சென்ற இடைவெளி: வந்தவர்களின் காதையோடு வரவேற்றவர்களின் காதையும் எழுதப்பட வேண்டும். இரும்பை மக்களின் நினைவுகளைத் திரட்டுவது அவ்வூர்ப் பிள்ளைகளின் பணி. சைகோனிலிருந்தும் பாரிசிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த கடிதங்கள், மஹல்லாவின் திருமணப் பதிவேடுகள், காத்திருந்த மூதாட்டிகளின் வாய்மொழிகள் ஆகியவற்றைத் திரட்டுவது நம் பணி. அம்மூதாட்டிகளில் பலர் இப்போது மிக முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும்.