கார்னரில் நிற்பவருக்கு ஒரு கேமரா

பொத்தேரி ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் தென்படும் டீக்கடை ஒன்றில் புரோ கபடி ஓடிக்கொண்டிருந்தது. பஸ், லாரி இரைச்சலில் டி.வி. சத்தம் யார் காதிலும் விழவில்லை. ஆனாலும் வகுப்பு முடிந்து வந்து நின்ற மாணவர்கள் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடவில்லை. திரையில் 30-லிருந்து இறங்கும் எண், 'டூ ஆர் டை' என்ற எழுத்து, எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகும் ரெய்டரின் முகத்தை நெருங்கும் கேமரா. அவ்வளவுதான். "இப்ப எடுக்கலைன்னா ஆளு வெளியதான்டா" என்றார் ஒருவர். கையில் பிடித்த டீ ஆறுவதுகூடத் தெரியாமல் எல்லோரும் திரையையே பார்த்தார்கள்.

ஒரு சொல்கூடக் கேட்காதவர்களுக்கு ஆட்டத்தின் நெருக்கடி முழுவதும் எப்படிப் புரிந்தது? தொலைக்காட்சி பேசும் இன்னொரு மொழி அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கேமராவின் கோணம், ரீப்ளேயின் வேகம், ஜெர்சியின் நிறம், திரையில் மின்னும் எண் எல்லாம் அந்த மொழியின் குறியீடுகள். 'இது வந்தால் இதுதான் அர்த்தம்' என்று எடுப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே சொல்லாமலே ஏற்பட்ட உடன்பாடுதான் மரபு. காட்சித் தொடர்பியல் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பாடம் இது. விளையாட்டு ரசிகர்களும் இதைக் கற்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால் எதைப் பார்க்கிறோம் என்பதை மட்டுமல்ல, யாரைப் பாராட்டுகிறோம் என்பதையும் இந்த மொழிதான் முடிவு செய்கிறது.

கிரிக்கெட்டில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1977-ல் ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சி உரிமையாளர் கெர்ரி பேக்கர் தனிப் போட்டித் தொடர் தொடங்கும்வரை, ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்துதான் ஆட்டத்தைக் காட்டினார்கள். ஒரு ஓவரில் பேட்ஸ்மேனின் முகம், அடுத்த ஓவரில் அவர் முதுகு. பேக்கரின் தொலைக்காட்சி இரண்டு முனைகளிலும் கேமரா வைத்தது. அன்றிலிருந்து பேட்ஸ்மேன் எப்போதும் நம்மைப் பார்த்தே நிற்கிறார். பந்துவீச்சாளர் எப்போதும் நமக்கு முதுகு காட்டியே ஓடுகிறார். யாருடைய கண்ணில் பயம் தெரிகிறது, யாருடைய கண்ணில் துணிச்சல் தெரிகிறது என்று இன்று நாம் பேசுவதெல்லாம் பேட்ஸ்மேனைப் பற்றியே இருப்பதற்கு அந்தக் கேமராவும் ஒரு காரணம்.

கபடியில் மாற்றம் இன்னும் ஆழமானது. 2014 ஜூலை 26-ல் மும்பையில் புரோ கபடி தொடங்கியபோது, மண்ணில் பார்த்துப் பழகிய ஆட்டம் மேட் விரிப்பிலும் விளக்கு வெளிச்சத்திலும் டி.வி.க்கு வந்தது. ஒரு அணியின் இரண்டு ரெய்டுகள் தொடர்ந்து புள்ளியில்லாமல் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரெய்டர் வெளியேற வேண்டும் என்பது டூ ஆர் டை விதி. நேரம் கடத்துவதை அது தடுத்தது. கூடவே, எந்த நேரத்தில் டி.வி. பக்கம் திரும்பினாலும் ஒரு உச்சக்கட்டம் காத்திருக்கும்படி செய்தது. திரைக்கதையின் இலக்கணம் ஆட்டத்தின் விதியாகவே மாறிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர்த் திருவிழாவில் பார்த்த ஒரு ஆட்டத்தை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது இந்த இலக்கணம்தான்.

ஆனால் கிடைத்ததைச் சொல்லும்போது தொலைந்ததையும் சொல்ல வேண்டும். முதலில் தொலைந்தது பாட்டு. 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் பாடிப் போவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். மைதானத்துக் கோட்டருகே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாடிப் போகிறவரின் குரல் தளர்வதை வைத்தே அவர் திரும்பப் போகிறாரா, இன்னும் ஒரு அடி உள்ளே வைப்பாரா என்று பிடிக்கிறவர்கள் கணிப்பார்கள். விதிப்படி இன்றும் பாட்டு கட்டாயம். ஆனால் டி.வி.யில் வர்ணனையும் இசையும் கூட்டத்தின் ஆரவாரமும் அதை மூடிவிடுகின்றன. அந்த இடத்தை ஒரு ரெய்டுக்கான 30 விநாடிக் கடிகாரம் பிடித்துக்கொண்டது. காதால் கேட்ட மூச்சை இப்போது எண்ணாகக் கண்ணால் பார்க்கிறோம்.

அடுத்து மங்கிப்போனவர், பிடிக்கிறவர். களத்தில் ஏழு பேர் நிற்க, கேமரா உள்ளே வரும் ஒருவரோடுதான் நகர்கிறது. புள்ளிக் கணக்கும் அவர் பக்கம்தான். ஒரே ரெய்டில் மூன்று, நான்கு புள்ளிகள்கூட எடுக்கலாம். ஒரு பிடிக்குக் கிடைப்பது ஒரே புள்ளி. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் இரண்டு. ரெய்டர் பத்துப் புள்ளி எடுத்தால் 'சூப்பர் டென்', பிடிக்கிறவர் ஐந்து எடுத்தால் 'ஹை ஃபைவ்' என்று இருவருக்கும் பட்டம் உண்டு. ஆனால் விளம்பரத்தில், போஸ்டரில், மறுநாள் நாளிதழ்ப் படத்தில் பாய்ந்து கோட்டைத் தொடும் கை யாருடையது என்று பாருங்கள். பர்தீப் நர்வாலுக்கு 'டுப்கி கிங்' என்ற பெயர், கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் ஒரே ஒரு உத்தியால் வந்தது. பத்து கோணங்களில் ரீப்ளே போட ஏற்ற உத்தி அது.

பிடிக்கிறவரின் உத்தியோ ரீப்ளேயில் சிக்காது. பிடிக்கிறவர்கள் வரிசையின் இடது கோடியில், அதாவது இடது கார்னரில், நிற்பவர் அரை அடி பின்வாங்கி, காலைத் தொடத் தருவதுபோல் ஆசை காட்டி, பக்கத்தில் நிற்பவரின் கையை இறுக்கிச் செய்தி சொல்லி, களத்தின் உள்ளே இருக்கும் போனஸ் கோட்டை நோக்கி ரெய்டரின் காலை இழுப்பதற்குப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். ரீப்ளே காட்டுவது கணுக்காலைப் பிடித்த கடைசி ஒரு விநாடியை. அதனால் பிடி என்றால் உடல் பலம் என்றும், ரெய்டு என்றால் மூளை என்றும் ஒரு தவறான எண்ணம் நமக்குள் படிந்துவிட்டது.

நம்ம ஊர் தர்மராஜ் சேரலாதனை நினைத்துப் பாருங்கள். வலது கார்னர். கபடி உலகம் முழுக்க அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டது. 2016-ல் நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன். நாற்பது வயதைக் கடந்த பிறகும் இளம் ரெய்டர்களை நிறுத்தினார் என்றால் அது வெறும் தசைபலம் அல்ல. எங்கே நிற்பது, எப்போது பாய்வது என்ற கணக்கு. இரானின் ஃபசல் அத்ராச்சலி இடது கார்னரில் நின்று 'சுல்தான்' என்று பெயர் வாங்கியதும் அதே கணக்கால்தான்.

ரெய்டரையே மையமாக்கும் இந்த மரபைத்தான் சினிமாவும் பிடித்துக்கொண்டது. கில்லி (2004), வெண்ணிலா கபடிக்குழு (2009), பைசன் (2025) மூன்றையும் நினைத்தால் மனதில் வருவது பாடிப் போகிற கால்கள்தான். ஒற்றை ஆள், எதிரே ஏழு பேர் என்பது நாயகனுக்கென்றே அமைந்த காட்சி. தொடை தட்டுவதும் அப்படித்தான். தெருக்கூத்தில் துரியோதனனையும் பீமனையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை; நமக்குத் தெரிந்த குறியீடுகளைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

பிடிக்கிறவர் கண்ணில் படாமல் போகும் இந்தக் குறையை வர்ணனையால் தீர்க்க முடியும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் கிரிக்கெட் சொன்ன காலத்தில் படம் கிடையாது. யார் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லால்தான் மைதானத்தைக் கட்டினார்கள். அதனால் ஃபீல்டரும் கேட்பவரின் மனக்கண்ணில் நின்றார். 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தபின் நம் மொழியில் நாள் முழுக்க விளையாட்டு கேட்கிறோம். பெரிய வரவு அது. ஆனால் திரையில் தெரிவதையே திரும்பச் சொல்வதையும் சினிமா வசனத்தையும் கொஞ்சம் குறைத்து, திரைக்கு வெளியே நிற்கும் கார்னரைப் பற்றிச் சொன்னால் ஆட்டம் இன்னும் பெரிதாகும்.

என் தீர்ப்பு இதுதான். புரோ கபடியின் காட்சிமொழி ஆட்டத்தை வளர்த்தது. ஆனால் அது பாதி ஆட்டத்தின் மொழி. மீதிப் பாதியையும் காட்ட, ஒளிபரப்பாளர்கள் ஒரு கேமராவைக் கார்னரில் நிற்பவருக்கு ஒதுக்கட்டும். ரெய்டு தொடங்கிய முதல் பத்து விநாடி வர்ணனையை நிறுத்தி, பாட்டைக் கேட்க விடட்டும். பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் கேமராவைத் தோளில் வைத்துப் பழகும் மாணவர்களே, உங்களில் சிலர் நாளை இந்த ஒளிபரப்பு வண்டிக்குள் உட்காரப் போகிறீர்கள். இன்று மாலையே பக்கத்து மைதானத்துக்குப் போங்கள். ஒரு முழு ரெய்டில் ரெய்டரைப் பார்க்காதீர்கள். இடது கார்னரின் கால்களை மட்டும் படம் பிடியுங்கள்.