‘என்ன பிரீடு சார்?’

நாய் வளர்க்கிற இருவர் காலை நடையில் எதிர்ப்பட்டால் முதல் கேள்வி ‘என்ன பிரீடு?’ என்பதுதான். அடுத்தது, ‘சொன்ன பேச்சு கேக்குமா?’ நாயின் பெயர், வயது, தடுப்பூசி எல்லாம் அப்புறம். இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றி நம் ஊர்களில் ஒரு பெரிய பேச்சே ஓடிக்கொண்டிருக்கிறது. பூங்கா பெஞ்சில், கால்நடை மருத்துவமனை வரிசையில், நாய்க் கண்காட்சிப் பந்தலில், குட்டி விற்கிறவர் வீட்டு முற்றத்தில் என்று அது நடக்காத இடமில்லை. புத்தகம் படித்து நாய் வளர்ப்பவர்கள் நம்மிடம் குறைவு. பெரும்பாலோர் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்க்கிறார்கள் என்பதால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எடைபோட வேண்டியிருக்கிறது. என் கணக்கில், முதல் கேள்விக்கு வருகிற பதில் நாயின் உடம்பைப் பற்றியதாக இருக்கும்வரை பெரும்பாலும் சரி. இரண்டாம் கேள்விக்கான பதிலையும் அதிலிருந்தே உருவும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

உடம்பு விஷயத்தில் அனுபவசாலிகளை மிஞ்ச முடியாது. சிப்பிப்பாறை வைத்திருக்கும் ஒரு பழைய கையிடம் பேசிப் பாருங்கள். அந்த நாய்க்கு இரண்டு மூன்று விலா எலும்பு வெளியே தெரிந்தால்தான் நல்ல உடம்பு என்பார். புதிதாக வாங்கியவர், ‘சோறு போடறதில்லையா?’ என்று அக்கம்பக்கத்தார் கேட்பதற்குக் கூச்சப்பட்டு ஊட்டி ஊட்டிக் கொழுக்கவைத்து, ஓட வேண்டிய நாயின் மூட்டைக் கெடுத்துவிடுவார். தோல் மெல்லியது, முள்வேலியில் உரசினாலே கிழிந்துவிடும். உண்ணியைத் தேடுகிறவர் முதுகைத் தடவிவிட்டு நிறுத்தக் கூடாது. காதின் உள்மடிப்பையும் விரலிடுக்கையும் வாலின் அடியையும் விரித்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எந்த விற்பனை அட்டையிலும் அச்சடிப்பதில்லை.

சீமை நாய்களைப் பற்றியும் இந்தப் பேச்சு எச்சரித்தபடிதான் இருக்கிறது. 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய குட்டையான பக் நாயை நாடே பார்த்தது. அதன்பின் அந்த இனத்துக்கு வந்த மவுசு தெரிந்ததே. நாய் தன் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. மூக்கு சப்பையான நாய்க்கு அந்த வழியே குறுகல். சென்னை மே மாதத்தில் பகல் பதினோரு மணிக்கு அதை நடக்கவைப்பது ஆபத்து என்பதை விளம்பரம் சொல்லவில்லை. ஏற்கெனவே பக் வளர்த்துப் பட்ட ஒருவர்தான் சொன்னார். ஏசி அறையிலேயே காலம் தள்ளும் ஹஸ்கியைப் பற்றியும் இதே கதைதான்.

சாப்பாட்டு யோசனைகளில்கூட ஊர் வழக்கம் சில நேரம் புதுமோஸ்தரை ஜெயித்துவிடுகிறது. ‘நாய் ஓநாய் வம்சம், அதுக்குத் தானியம் ஆகாது, பச்சைக் கறிதான் போடணும்’ என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகம். 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு கூடுதல் என்று அது காட்டியது. மனிதனின் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் காத்திருந்தே நாயின் குடல் மாறியிருக்கிறது. கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் ஊற்றி, இடையிடையே கறியோ முட்டையோ போட்டு வளர்த்த தெற்கத்தி விவசாயி தப்பொன்றும் செய்துவிடவில்லை. வெறும் தயிர்சாதத்திலேயே ஆயுசைக் கழிக்கவைப்பது வேறு விஷயம்.

இனி குணத்துக்கு வருவோம். ‘லேப் சாது’, ‘அல்சேஷனுக்கு மூளை ஜாஸ்தி’, ‘கோம்பை ஒருத்தருக்குத்தான் அடங்கும்’, ‘கன்னி கூச்ச சுபாவம்’ என்று ஆளாளுக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் கேத்லீன் மோரில், எலினார் கார்ல்சன் குழுவினர் 18,385 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்த விவரங்களையும் 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்றது அது. இனமே ஒன்றுமில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. மனிதர் சொல்வதற்கு இணங்கும் தன்மையில் இனங்களுக்குள் ஓரளவு வேறுபாடு இருப்பதை அதே ஆய்வு ஒப்புக்கொள்கிறது. கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த சிப்பிப்பாறை, எதிரே பூனை ஓடினால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது என்று சொன்னால் அதை நம்பலாம். சங்கிலியில்லாமல் அதைத் தெருவில் விடாதே என்பது நல்ல யோசனை. ஆனால் ‘பாசமானது’, ‘தைரியசாலி’, ‘பழிவாங்கும்’ என்ற பட்டங்களை வாங்கப்போகிற குட்டியின் தலையில் முன்கூட்டியே சூட்டுவதற்கு ஆதாரம் சொற்பம்.

இந்தப் பட்டங்களால் நாய் அனுபவிக்கிற கஷ்டத்துக்கு ராஜபாளையத்தைக் காட்டலாம். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் பொன்னிறக் கண்ணும் இருந்தால்தான் ‘ஒரிஜினல்’ என்பது இன அபிமானிகளின் தீர்ப்பு. அதே வெள்ளைதான் அதன் பலவீனமும். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் நிறமி அணுக்களுக்கு உள்காதிலும் வேலை இருக்கிறது. அங்கே அவை இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் அணுக்கள் மடிந்துவிடும். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன்களில் சுமார் 30 சதவீதம் ஒரு காதிலாவது செவிடு. ராஜபாளையத்து ஈத்துகளிலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். விற்கும்போது சொல்வதுதான் இல்லை.

கால்நடை மருத்துவமனை வரிசை ஒன்றில் நான் கேட்ட பேச்சு இது. நாலைந்து மாத வெள்ளைக் குட்டியோடு ஓர் இளைஞர். ‘அண்ணா, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது’ என்றார். பக்கத்திலிருந்த பெரியவர் தயங்கவே இல்லை. ‘ராஜபாளையம்னா அப்படித்தான் தம்பி. முரட்டு ரத்தம். நாலு போடு போட்டாத்தான் வழிக்கு வரும்.’ குட்டி அப்போது எதிர்ப்புறத்தில் நடந்த ஒரு கோழியையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் யாரோ தகரக் கதவை டமாரென்று சாத்தினார்கள். வரிசையிலிருந்த மற்ற நாய்கள் அத்தனையும் துள்ளின. அந்தக் குட்டியின் காது மடல்கூட அசையவில்லை. இனத்தின் பெயர் கையில் பதிலாக இருந்ததால் பெரியவருக்குக் குட்டியைப் பார்க்கத் தோன்றவில்லை. காது கேட்காத நாயையும் நன்றாகவே பழக்கலாம். கையசைவு, தரையில் காலைத் தட்டுகிற அதிர்வு, இருட்டில் டார்ச் வெளிச்சம் என்று வழிகள் இருக்கின்றன. அதற்கு முதலில் அது செவிடு என்று தெரிந்திருக்க வேண்டும்.

பழக்கும் யோசனைகளில் அதிகம் அடிபடுவது ‘நீதான் தலைவன்னு காட்டணும்’ என்கிற உபதேசம். நீ சாப்பிட்ட பிறகே அதற்கு வை, வாசலைத் தாண்டும்போது நீ முன்னால் போ, எதிர்த்தால் மல்லாக்கப் போட்டுக் கழுத்தை அமுக்கு. நம்மூர் ஆண்டான் மனோபாவத்தோடு சுலபமாகப் பொருந்திவிட்டாலும் இது இறக்குமதிச் சரக்கு. ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கெல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து, சண்டை போட்டுத் தலைமை பிடிப்பதே அவற்றின் வழக்கம் என்று 1947-இல் எழுதினார். டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட ஓநாய்ப் புத்தகம் அதைப் பரப்பியது. பிறகு மெக்கே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைதோறும் கவனித்துவிட்டு, 1999-இல் அந்தக் கருத்தைத் திருத்தி எழுதினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம். சண்டை போட்டுப் பதவி பிடிக்கிற தலைவன் அங்கே இல்லை. பரப்பியவரே கைவிட்ட கருத்தை நாம் இன்னும் நாய்க்குட்டிகளின் மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், அதுவும் ஓநாயே அல்லாத பிராணியின் மேல்.

இதன் விளைவு வீட்டுக்குள்தான் தெரியும். குட்டி கூடத்தில் மூத்திரம் போய்விட்டது; அரைமணி கழித்துப் பார்க்கிறவர் அதன் மூக்கை அதிலேயே தேய்த்து நாலு அடி வைக்கிறார். எப்போதோ செய்ததற்கு இப்போது விழும் அடியை நாயால் முடிச்சுப்போட முடியாது. அது கற்றுக்கொள்வது, இந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது போகக் கூடாது என்பதை மட்டும். அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போகும். ‘எவ்வளவு திருட்டுப் புத்தி பாருங்க’ என்று அதற்கும் ஒரு பட்டம் கிடைக்கும். உறுமினால் அடிப்பது இன்னும் மோசம். உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கிற முன்னறிவிப்பு. அதை அடித்து நிறுத்தினால் பயம் போவதில்லை, அறிவிப்புதான் போகிறது. ‘ஒரு சத்தமும் இல்லாம திடீர்னு கடிச்சிடுச்சு’ என்பவர்கள் சிலரின் வீட்டில் இந்த முன்கதை இருக்கும்.

அதற்காகப் பெரியவர்கள் சொல்வதையெல்லாம் தள்ளிவிட முடியாது. ‘வீட்ல எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லுங்க’ என்பது எந்தப் பயிற்சியாளரும் மறுக்காத யோசனை. அப்பா ‘சிட்’ என்கிறார், அம்மா ‘உக்காரு’ என்கிறார், பாட்டி ‘அங்கிட்டுப் போடா’ என்கிறார், பையன் பிஸ்கட்டைக் காட்டிச் சிரிக்கிறான். நாய் முட்டாளென்று முடிவு கட்டுவதற்குமுன் குடும்பத்தை உட்காரவைத்துப் பேச வேண்டும். குட்டி எடுக்கிற வயதைப் பற்றிய பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ‘முப்பது நாள்ல எடுத்தாத்தான் ஒட்டும்’ என்பார்கள். அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-இல் வெளியிட்ட நூலில், குட்டி பிற உயிர்களோடு பழகக் கற்கும் காலம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை என்று காட்டினார்கள். ஆக, காலம் குறுகியது என்பது சரி. ஆனால் அதே வாரங்களில்தான் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்கிறது. முப்பது நாளில் பிரித்த குட்டி அந்தப் பாடத்தை நம் விரல்களில் படிக்கும். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் சொல்கின்றன.

காவலுக்கென்று வாங்குகிற குட்டியின் கதி இன்னும் பரிதாபம். ‘யார்கிட்டயும் பழக விடாதே, கட்டியே வை, அப்பத்தான் கோபம் வரும்’ என்று கோம்பைக்கும் ராஜபாளையத்துக்கும் சொல்லப்படுகிறது. அந்தக் குறுகிய வாரங்களைச் சங்கிலியிலேயே கழித்த நாய்க்கு வருவது வீரமல்ல, பீதி. திருடனையும் தபால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது.

2024-இல் இந்தப் பேச்சின் உள்முரண் நன்றாக வெளிப்பட்டது. அந்த மார்ச்சில் மத்திய அரசு, பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதற, விவாதம் மறுபடி மூண்டது. ‘நாயில் கெட்ட இனம் கிடையாது, எல்லாம் வளர்ப்புதான்’ என்று அப்போது பலமாகக் குரல் எழுந்தது. வாதத்தில் நியாயம் உண்டு, ஒரு நிபந்தனையோடு. ராட்வீலரின் தாடை வலுவும் எடையும் வளர்ப்பால் குறையாது. அது தவறினால் ஏற்படும் சேதம் பொமரேனியன் தவறுவதைப் போன்றதல்ல. எனக்கு உறுத்துவது வேறு. நாய் சொன்னபடி கேட்டால் ‘பிளட்லைன் அப்படி’ என்றவர்களே, கடித்தால் ‘வளர்ப்பு சரியில்லை’ என்கிறார்கள். பெருமை ரத்தத்துக்கு, பழி மட்டும் எவரோ ஒரு வளர்ப்பவருக்கு. இந்தச் சுத்த ரத்தப் பேச்சை நாய் சம்பந்தமில்லாத இடங்களிலும் நாம் நிறையவே கேட்டிருக்கிறோம்.

நாட்டு நாய் அபிமானத்திலும் இதே கலப்படம்தான். அதன் நல்ல பக்கம் கண்கூடு. 2005-இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். மதிப்பில்லாமல் கிடந்த இனங்களுக்கு வாங்க ஆள் வந்தது. ஆனால் முயல் வேட்டைக்கென உருவான நாய்க்கு, வேட்டை சட்டப்படி குற்றமான பிறகு என்ன வேலை, இரண்டு அறை அடுக்ககத்தில் அது எங்கே ஓடும் என்ற கேள்விகளை, இந்த நாய்களைப் பற்றிச் சொல்லப்படும் பாளையக்காரர் போர்க் கதைகள் மூடிவிடுகின்றன. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நடத்திவந்த நாய் இனப்பெருக்க மையத்தை, அங்கிருந்த மோசமான நிலையைக் காட்டித் தொடரப்பட்ட வழக்கில், 2016-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அப்போதும் நடந்த பேச்சில், நம் இனத்தை அழிக்கச் சதி என்ற பக்கம்தான் ஓங்கியது. ஒரே ஈத்தில் பிறந்தவற்றையும் தகப்பனையும் மகளையும் சேர்ப்பதால் இனத்துக்கு வரும் கேட்டை அவ்வளவு பேர் பேசவில்லை.

வெள்ளைக் குட்டி பார்க்கப் போகிறவர் பாளையக்காரர் கதையைக் கேட்டுக்கொள்ளட்டும், தவறில்லை. கூடவே, குட்டிகள் தூங்கும்போது கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கட்டும். எல்லாம் விழிக்க ஒன்று மட்டும் தூங்கினால் விஷயம் புரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. பிறந்த குழந்தைகளுக்குச் செய்வதைப் போன்ற செவி நரம்புச் சோதனைதான் அதற்கு வழி. தாய் எத்தனை முறை ஈன்றது, தகப்பன் அதற்கு என்ன உறவு என்பதும் விற்கிறவரிடம் கேட்க வேண்டியவை. முகம் சுளிப்பார். தாயைக் கண்ணில் காட்ட மறுத்தால் குட்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.