கொசுதான் காரணம் என்று சொன்னவர்கள்

மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு அட்டவணை போட்டிருந்தேன். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் மலேரியா பற்றி நடந்த கருத்தாய்வுகள் பலவற்றில் இருந்து, "மலேரியா எதனால் வருகிறது?" என்ற கேள்விக்கு "கொசு" என்று சொன்னவர்களின் சதவீதத்தை மட்டும் பிரித்தெடுத்து, ‘விழிப்புணர்வு’ என்று தலைப்புப் போட்டு வரிசைப்படுத்தியிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நேற்று அதை எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

இந்த வகை ஆய்வுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அறிவு, மனப்பாங்கு, நடைமுறை என்று மூன்று பிரிவு, சில நூறு வீடுகள், ஒரு கேள்வித்தாள். கொசு என்றால் சரி. மழையில் நனைந்தது, பச்சை மாங்காய் தின்றது என்றால் ‘தவறான நம்பிக்கை’. கடைசிப் பத்தியில் "சுகாதாரக் கல்வி தேவை". இத்தனை படித்த பிறகு அந்தக் கடைசிப் பத்தியை நானே தூக்கத்தில் எழுதிவிடுவேன்.

என் சந்தேகம் முதல் கேள்வியிலேயே ஆரம்பிக்கிறது. கேட்பவர் ‘மலேரியா’ என்று சொல்வதும் பதில் சொல்பவர் புரிந்துகொள்வதும் ஒரே நோய்தானா?

தான்சானியாவின் பகமோயோ மாவட்டத்தில் பீட்டர் வின்ச்சும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வுகள் 1996இல் வந்தன. சுவாஹிலியில் ‘ஹோமா’ என்றால் காய்ச்சல். ‘ஹோமா யா மலேரியா’ என்பது அங்கே அன்றாடம் வந்துபோகும் காய்ச்சல்; மாத்திரைக்குக் கேட்கும். ஆனால் குழந்தைக்குக் கண் செருகி, உடம்பு விறைத்து, வெட்டி இழுத்தால் அது ‘டெகெடெகே’. அது வேறு நோய், பறவை போலவோ அந்துப்பூச்சி போலவோ வரும் ஆவியின் வேலை. யானைச் சாணப் புகை போடுவார்கள், குழந்தை மேல் சிறுநீர் விடுவார்கள். அந்த நிலையில் ஊசி போட்டால் பிள்ளை செத்துவிடும் என்ற பயமும் உண்டு. நம் ஊரில் காய்ச்சல் வேறு, ‘ஜன்னி கண்டிருச்சு’ என்பது வேறு என்று பிரிப்பதை நினைத்துக்கொண்டால் இது அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

மருத்துவர் கண்ணில் அந்த டெகெடெகேயில் கணிசமான பங்கு மூளையைத் தாக்கும் மலேரியா. ஆக, ஒரு தாய் கேள்வித்தாளில் முழு மதிப்பெண் வாங்கலாம். குழந்தையைக் கொல்லக்கூடிய நோயைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. டேட்டாபேஸில் இரண்டு டேபிளைத் தப்பான கீ வைத்து ஜாயின் பண்ணினாலும் இப்படித்தான். எரர் வராது, நம்பர் வந்துவிடும். நான் அந்த நம்பரைத்தான் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

சரி, அப்படியானால் ‘டெகெடெகேயும் மலேரியாதான்’ என்று சொல்லிக்கொடுத்தால் தீர்ந்ததா? சொல்லத்தான் வேண்டும், ஊசிப் பயம் உயிரை வாங்கக்கூடியது, அதை ‘உள்ளூர் அறிவு’ என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இஃபகாராவில் இருந்து சுசானா ஹவுஸ்மன் முவேலா குழுவினர் 1998இல் எழுதிய கட்டுரை என்னை நிறுத்திவிட்டது. அங்கே மக்களுக்குக் கொசுவும் தெரியும், கிருமியும் தெரியும், மைக்ராஸ்கோப்பும் தெரியும். பாடம் எல்லாம் உள்ளே போயிருக்கிறது. அதோடு சேர்த்து, சூனியக்காரர்கள் கிருமியை மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாமல் மறைத்துவிட முடியும், மலேரியா மாதிரியே காட்டும் போலி மலேரியாவை ஏவ முடியும் என்றும் சொல்கிறார்கள். ‘மாத்திரை கொடுத்தோம், கேட்கவில்லை, அப்போ இது சாதாரண மலேரியா இல்லை.’

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வருடத்தைப் பார்த்தேன். 1998இல் தான்சானியாவின் முதல்நிலை மருந்து குளோரோகுயின். கிருமி அதற்குப் பழகிப்போய், மருந்து பரவலாகத் தோற்றுக்கொண்டிருந்த காலம். அரசு அதைக் கைவிட்டது 2001இல். மாற்றாக வந்த சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமினும் தாக்குப்பிடிக்காமல் 2006இல் ஆர்ட்டிமிசினின் கூட்டுமருந்துக்கு மாறினார்கள். அதாவது அந்தத் தாயின் அனுமானத்தில் பிழை இல்லை. மருந்து வேலை செய்யும் என்று நாம் சொல்லிக்கொடுத்ததில்தான் பிழை. அந்த வருடங்களில் ஊர் ஊராகப் போய் நம்பிக்கையை அளந்தவர்களில் எத்தனை பேர் மருந்தின் தோல்வியையும் அதே கட்டுரையில் வைத்துப் பார்த்தார்கள்? நான் படித்தவற்றில் மிகக் குறைவு.

தார் எஸ் ஸலாம் ஓரத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த வினய் காமத், தாய்மார்கள் தாமதிப்பதற்கு நம்பிக்கையை மட்டும் காரணம் சொல்வதை 2006இல் கேள்விக்கு உட்படுத்தினார். பலரும் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துச் சீக்கிரமே ஏதோ ஒரு வைத்தியம் செய்கிறார்கள். சுகாதார நிலையத்துக்கும் போகிறார்கள். அங்கே என்ன கிடைக்கிறது, கையில் காசு இருக்கிறதா, வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் கதை மாறுகிறது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு ராத்திரி ஒன்று ஞாபகம் வந்தது. என் பெண்ணுக்கு இரண்டு வயதில் காய்ச்சலில் வெட்டு வந்தது. அம்மா ஓடிப்போய் பீரோ சாவியைக் கொண்டுவந்து பிள்ளை கையில் திணித்தாள். "இரும்பைப் பிடிச்சா நின்னுடும்டா!" நான் ஆட்டோக்காரருக்கு போன் போட்டேன். இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்தது; சாவியோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேள்வித்தாளோடு யாராவது வந்திருந்தால் எங்களை எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருப்பார்? ஆட்டோ இருந்தது, பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. அதனால் எங்கள் நம்பிக்கையை யாரும் ஆராய வரவில்லை.

இன்னொரு விஷயம், இதைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். அந்த இஃபகாரா இருப்பது கிலொம்பெரோ பள்ளத்தாக்கில். அங்கேயும் பக்கத்து உலாங்கா மாவட்டத்திலும் 1997 முதல் ‘ஸூயா ம்பு’ என்ற பெயரில் கொசுவலையும் அதை நனைக்கும் மருந்தும் விற்றார்கள். பெயருக்குப் பொருள் ‘கொசுவைத் தடு’. அதில் மலேரியா என்ற சொல்லே கிடையாது. தூக்கத்தைக் கெடுக்கும் கொசுவை ஒழிக்க யாருக்கும் கொள்கை விளக்கம் தேவைப்படாதே. மருந்து நனைத்த வலைக்குள் தூங்கிய ஒரு மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் உயிர் பிழைப்பு 27 சதவீதம் கூடியதாக 2001இல் லான்செட்டில் வந்தது. மறைந்த கிருமியைப் பற்றிப் பேசிய அதே வட்டாரம், கிட்டத்தட்ட அதே வருடங்கள்.

இனிமேல் இப்படி ஒரு ஆய்வைப் படித்தால் நான் தேடப்போவது ஒரே ஒரு கேள்வியை: "போன தடவை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ முதல்ல என்ன பண்ணீங்க, அடுத்து எங்க போனீங்க, எவ்வளவு செலவாச்சு?" அது இல்லாவிட்டால் சதவீதங்களைத் தாண்டிப் போய்விடுவேன்.

பழைய அட்டவணையின் கோப்பு வேண்டும் என்பவர்கள் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். தலைப்பை மட்டும் அடித்துவிட்டு.